பிளாட்டினம் போன இடம்: ஃப்யூல் செல் ஸ்டாக் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானோதூசி:
ஹைட்ரஜனையும் காற்றையும் வைத்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூல் செல் எங்களுடையது. வோல்டேஜ் சைக்கிளிங் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் சோதனை) முடிந்த ஒரு எம்இஏவை, அதாவது நடுவே மெம்பரேனும் இருபுறமும் எலக்ட்ரோடும் கொண்ட அடுக்கை, வெட்டி டிஇஎம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். 0.6-க்கும் 0.95 வோல்ட்டுக்கும் இடையே 30,000 சுற்று, எல்லோரும் ஓட்டுகிற அதே சோதனைதான். கேத்தோடில் (செல்லின் காற்றுப் பக்கத்து எலக்ட்ரோடு) மட்டும், இந்தச் சோதனையில் வழக்கமாக விடும் நைட்ரஜனுக்குப் பதில் காற்று விட்டிருந்தோம். பிளாட்டினத் துகள்கள் பெருத்திருக்கும் என்று தெரியும். 3 நானோமீட்டரில் கிளம்பியவை 6-ஐத் தொட்டிருந்தன. அது பரவாயில்லை. படத்தை மெம்பரேன் பக்கம் நகர்த்தினேன். வெறும் பாலிமர் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், கேத்தோடிலிருந்து சில மைக்ரான் உள்ளே, கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. அத்தனையும் பிளாட்டினம். கரைந்து அயனியாகி உள்ளே போனதை, எதிர்ப்பக்கத்திலிருந்து கசிந்து வந்த ஹைட்ரஜன் வழியிலேயே பிடித்து மறுபடி உலோகமாக்கிவிட்டது. அங்கே அதற்கு மின் இணைப்பே கிடையாது, ஒரு ஆம்பியருக்கும் உதவாது. ராஜ திராவகத்துக்குத்தான் மசியும் என்று படித்த உலோகம் இது! ஆய்வுக் கட்டுரைகளில் பலமுறை பார்த்த படம்தான், நம் செல்லில் பார்த்தபோது மனசு ஆறவில்லை.

பஸ்_ஸ்டாக்:
படம் அருமை. ஆனால் ரோட்டில் ஓடுகிற ஸ்டாக்கை (செல்களை அடுக்கிய தொகுப்பு) சாகடிப்பது பெரும்பாலும் அது இல்லை, பிளாட்டினத்தைத் தாங்கும் கார்பனின் அரிப்பு. எங்கள் சோதனை பெஞ்சில் கேத்தோடு வெளிவாயில் கார்பன் டைஆக்சைடு அனலைசர் மாட்டியிருந்தோம். உள்ளே போனது சிலிண்டர் செயற்கைக் காற்றும் சுத்த ஹைட்ரஜனும்தான், இரண்டிலும் கார்பன் கிடையாது. ஸ்டார்ட் கொடுத்ததும் அளவு சரேலென்று எகிறி இறங்கியது. எரிந்தது எலக்ட்ரோடேதான்! ஆனோடில் (ஹைட்ரஜன் பக்கத்து எலக்ட்ரோடு) தங்கியிருந்த காற்றை ஹைட்ரஜன் தள்ளிக்கொண்டு போகும் அந்தச் சில நொடிகளில், இன்னும் காற்று இருக்கும் பகுதிக்கு எதிரே கேத்தோடு 1.4, 1.5 வோல்ட் வரை போய்விடும். பிளாட்டினம் நிற்கும் தரையே வாயுவாகிப் போகிறது. அப்புறம் துகள் கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன?

நானோதூசி:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டார்ட்-ஸ்டாப்பைக் கட்டுப்பாட்டிலேயே பெருமளவு அடக்கலாம்: ஹைட்ரஜனை வேகமாக விடலாம், நிறுத்தும்போது ஆனோடில் காற்று நுழையாமல் பார்த்துக்கொள்ளலாம். பஸ் சிக்னலில் நின்று கிளம்புவதை எப்படி அடக்குவீர்கள்? லோடு இறங்கினால் வோல்டேஜ் ஏறும், பிளாட்டினத்தின் மேல் ஆக்சைடு படியும். லோடு ஏறினால் அது உரியும். இப்படி ஏறி இறங்கும்போதுதான் பிளாட்டினம் அதிகம் கரைகிறது. பேட்டரி வைத்து மேல் வோல்டேஜை 0.85 பக்கம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நீர்ப்பிளவு:
நான் எலக்ட்ரோலைசர் ஆள், மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கருவி. ஒரு தளத்தில் பிஇஎம் (பாலிமர் மெம்பரேன் வகை) ஸ்டாக்கின் வோல்டேஜ் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. எல்லோரும் ஆனோடின் இரிடிய வினையூக்கியையே சந்தேகப்பட்டார்கள். பிரித்தால் கேத்தோடின் கறுப்பு முகத்தில் செம்பு நிறம் மினுக்கியது. தண்ணீர் லைனில் யாரோ ஒரு பித்தளை ஃபிட்டிங் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வந்த செம்பு பிளாட்டினத்தின் மேல் படிந்து அதை மூடிவிட்டது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். தண்ணீர் போகும் வழியில் பித்தளை, செம்பு, சாதா இரும்பு எதுவும் வேண்டாம். கண்டக்டிவிட்டி மீட்டரை (தண்ணீரின் மின்கடத்தலை அளப்பது), அயனிகளை நீக்கும் ரெசின் படுகைக்கு அப்புறம் மட்டும் வைத்தால் போதாது, ஸ்டாக் வாயிலிலும் ஒன்று வேண்டும். நடுவில்தான் அழுக்கு சேர்கிறது. உள்ளே போகும் தண்ணீரின் கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருக்கட்டும். சுற்றிவரும் தண்ணீரையும் ரெசின் வழியே விடுங்கள். இரும்பு அயனியை லேசாக எடுக்காதீர்கள்: அது செல்லில் உண்டாகும் பெராக்சைடுடன் சேர்ந்து, ஃபுளோரின் கொண்ட பாலிமரான மெம்பரேனையே தின்னும், வெளிவரும் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறுவதுதான் அடையாளம். சோலாரில் ஓட்டுபவர்கள், மேகம் வந்ததும் பட்டென்று அணைக்காதீர்கள். உள்ளே மிஞ்சும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் செல்லையே ஃப்யூல் செல்லாக்கி எலக்ட்ரோடுகளின் வோல்டேஜைப் புரட்டிவிடும். சின்னக் கரண்ட் ஒன்று ஓடட்டும்.

பஸ்_ஸ்டாக்:
செம்பு படிந்த செல்லைக் கழுவிப் பார்த்தீர்களா?

நீர்ப்பிளவு:
நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தில் கழுவினோம். வோல்டேஜ் ஓரளவு இறங்கியது, முழுசாக இல்லை. ஃபிட்டிங்கை மாற்றிய பிறகு ஏற்றம் நின்றது.