மறுமொழி: ‘தானெரி’யா, ‘தொடரெரி’யா? பீங்கான் கூட்டுத்தூள் இயலுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தார்க்கு,

வணக்கம். பட்டயப் படிப்பு மாணவர்க்கான பொருளறிவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில், கலவை எரியும் வெப்பத்தாலேயே பீங்கான் தூளை ஆக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் combustion synthesis) உரிய இந்த ஒரு சொல்லுக்கான இடம் மட்டும் இன்னும் வெற்றிடமாக நிற்கிறது. மூன்று நாள்களாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன்.

> ‘தானெரித் தொகுப்பு’ தூய தமிழ், பொருளும் விளங்கும்.

விளங்கும் பொருள் வேறாகிவிடுகிறது, ஐயா. தானே எரிவது என்றதும் மாணவர் காற்றுப் பட்டவுடன் பற்றிக்கொள்ளும் வெண்பாசுபரசை நினைப்பார். இங்கே எதுவும் தானாகப் பற்றுவதில்லை. டைட்டானியத் தூளையும் கரித்தூளையும் கலந்து வில்லையாக அழுத்தி, ஒரு முனையில் மின்னோட்டத்தால் சூடேறிய டங்ஸ்டன் கம்பியைக் கொண்டு நாம்தான் மூட்டுகிறோம். மூட்டிய பின், ஓர் அடுக்கில் பிறந்த வெப்பமே அடுத்த அடுக்கைப் பற்றவைக்க, ஊதுவத்தியில் நகர்வதுபோலக் கனல் நொடிக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ முன்னேறுகிறது. வெப்பநிலை 3,000 கெல்வினை எட்ட, கனல் கடந்த இடமெல்லாம் டைட்டானியம் கார்பைடு என்னும் பீங்கானாகிறது, உலையே வேண்டியதில்லை. மாஸ்கோவுக்கு அருகே செர்னகலோவ்காவில் 1967இல் மெர்ழானோவ், பொரோவின்ஸ்கயா, ஷ்கீரோ ஆகியோர் கண்ட புதுமை இந்தத் தொடர்ச்சியே. ஆகவே ‘தொடரெரித் தொகுப்பு’ என முன்மொழிகிறேன்.

> வினைத்தொகையில் வலி மிகாது. ‘எரிதொகுப்பு’ என்றே எழுத வேண்டும்.

விதி சரி, ஆனால் வினைத்தொகையாகக் கொண்டால் எரிகின்ற தொகுப்பு என்று பொருள்படும். எரிவது கலவையே அன்றித் தொகுப்பு அன்று. இங்கே ‘எரி’ பெயர்ச்சொல். ‘எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்ற குறளிலும் அது பெயர்தான். வைக்கோற்போரில் தீ பரவும் காட்சியே நம் வில்லையிலும் நிகழ்கிறது என்பதை எண்ணி மகிழ்ந்தேன். தொடரெரியால் ஆகும் தொகுப்பு என விரிவதால் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை; தகரம் மிகும்.

> ஆக்சிஜன் இல்லாத ஆர்கான் வளிமத்துக்குள் நடப்பதை எரிதல் எனலாமா?

மெக்னீசியம் கார்பன் டைஆக்சைடிலும் எரிகிறது என்றும், ஹைட்ரஜன் குளோரினில் எரிகிறது என்றும் வகுப்பில் சொல்லித்தானே வருகிறோம்? ‘எரி’க்கு மாற்றாக வந்த ‘தகனம்’ என்பதை நான் ஏற்காததற்கு அது வடசொல் என்பது காரணம் அன்று. அச்சொல் மயானத்தை நினைவூட்டுகிறது. இவ்வினையிலோ எரிந்து ஒரு பொருள் பிறக்கிறது.

விளையும் பீங்கான் தூளுக்குக் ‘கலவைத்தூள்’ என்பதும் பொருந்தாது. டைட்டானியம் டைஆக்சைடு, அலுமினியம், கரி மூன்றையும் முறையே 3:4:3 என்னும் மூலக்கூறு விகிதத்தில் எடுத்து மூட்டினால், டைட்டானியம் கார்பைடும் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) ஒரே வினையில் உடன்பிறக்கின்றன. கலவை என்பது மூட்டுவதற்கு முன்னிருந்தது. பிறந்ததைக் ‘கூட்டுத்தூள்’ என்போம்.

அன்புடன்,
இயலின் மொழிபெயர்ப்பாளர்

—

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளருக்கு,

இலக்கணத்தை ஏற்கிறேன், சொல்லை முழுதாக ஏற்க இயலவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் 1988இல் வெளியிட்ட முறையில், அலுமினியம் நைட்ரேட்டும் யூரியாவும் கரைந்த நீரை 500 டிகிரி செல்சியசில் உள்ள உலைக்குள் வைக்கிறார்கள். நீர் கொதித்து வற்றியதும் முழுவதும் நுரைத்துப் பற்றி, ஐந்து நிமிடத்திற்குள் அலுமினாத் தூளாகிறது. அங்கே முனையும் இல்லை, முனையிலிருந்து நகரும் கனலும் இல்லை. ‘தொடர்’ எதைக் குறிக்கும்? தங்கள் இயலில் அடுத்த பக்கத்திலேயே இம்முறை வருகிறது. இரண்டுக்கும் பொதுவாக ‘எரிவினைத் தொகுப்பு’ என்று வைத்து, ‘தொடரெரி’யை அதன் ஒரு வகையாக்கலாம் என்பது என் கருத்து. மேலும், ‘தொடர்வினை’ என்று அணுக்கருப் பிளவுப் பாடத்தில் படித்த மாணவர் இதனோடு குழப்பிக்கொள்ளவும் கூடும்.

குழுமத்தில் நால்வர் தங்கள் பக்கம் நிற்பதால், வெள்ளிக்கிழமைக்குத் ‘தொடரெரி’ போகட்டும். மறுபதிப்பு வரும்போது என் மறுப்பை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.