காந்தி வீதி சண்டே மார்க்கெட்: இன்னும் மனச உறுத்துறது ஏதாவது இருக்கா?

பாண்டி சண்டே மார்க்கெட் பத்தி உங்களுக்குப் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. சாயங்காலம், நேரு வீதி முக்குலேர்ந்து கொஞ்சம் தள்ளி, தரையில சட்டையா குவிச்சு வெச்சிருந்த ஒரு அக்காகிட்ட இருநூறு சொன்னத நூத்தம்பதுக்குக் கேட்டுட்டு நிக்கிறேன், பொசுக்குனு மழை. அக்கா தார்ப்பாய் முனைய என் கையில திணிச்சு "தம்பி, இதக் கொஞ்சம் புடி"ன்னுட்டு மறுமுனையக் கம்பத்துல கட்ட ஓடுனாங்க. ஒரு கையில தார்ப்பாய், ஒரு கையில சட்டை. கூட்டம் தள்ளுன தள்ளுல பெரிய மார்க்கெட் பக்கம் போய் ஒதுங்கினப்பதான் பாக்குறேன், தார்ப்பாயக் காணோம், சட்டை மட்டும் இருக்கு. மழை விட்டு ஓடி வந்தா ஈரத் தரைதான். மூணு வாரம் போய்ப் பாத்துட்டேன். சட்டைய இன்னும் போடல.

*

மூணு வாரம் தேடுனேன்கிறதெல்லாம் சும்மா, பக்கத்துக் கடையில ஒரு வார்த்தை கேட்டா சொல்லிருப்பாங்க. என் கதை வேற. பழைய காசு விரிச்சு வெச்சிருந்த பெரியவர்கிட்ட ஒரு செப்புக்காசு, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ்ல 'புதுச்சேரி'. பிரெஞ்சுக்காரன் காசுல தமிழா, டூப்புன்னு சிரிச்சிட்டு வெச்சிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. வேட்டி முனையால அதத் தொடச்சு அதே இடத்துல திரும்ப வெச்சார். வீட்டுக்கு வந்து தேடுனா, அப்பிடித்தான் அடிச்சிருக்கான்!

*

சார், அப்பிடி அடிச்சான்கிறதுக்காக நீங்க பாத்தது ஒரிஜினல்னு ஆயிடுமா? உருக்கி அச்சுல வார்த்த டூப்புல பெரும்பாலும் ஓரத்துல மெல்லிசா ஒட்டுக்கோடு தெரியும், நகத்தால தடவிப் பாருங்க, பளபளன்னு தேச்சு வெச்சிருந்தா கிட்டயே போகாதீங்க, நல்ல காசத் தேச்சா மதிப்பே போச்சு, தெரிஞ்சவன் தேய்க்க மாட்டான். அப்புறம் புதுசா வர்றவங்க, வண்டிய காந்தி வீதிக்குள்ள விட்டுறாதீங்க, எங்கயாவது தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க, சில்லறை மேல் பாக்கெட்ல, போன் முன் பாக்கெட்ல. சட்டைன்னா அக்குள் தையலயும் காலர் உள்பக்கத்தயும் வெளிச்சத்துல பாத்துருங்க, பல்பு வெளிச்சத்துல கறை தெரியாது. எனக்கு நடந்ததா? ரெண்டும் இடது கால் செருப்பு. வீட்ல வந்துதான் பாத்தேன்.

*

முதல்ல எழுதினவன்தான். பக்கத்துக் கடையில கேக்காம இருப்பேனா? "எந்த அக்கா தம்பி, இங்க எல்லாரும் அக்காதான்"ன்னாரு.