இரங்கல் கடிதத்தை இயந்திரம் எழுதினால் யாருக்கு நஷ்டம்?

நடைவண்டி:

நண்பர் ஒருவரின் அப்பா சமீபத்தில் காலமானார். தெரிந்தவர்கள் எல்லாரும் இரங்கல் எழுதினோம். அதில் ஒன்று ரொம்ப நன்றாக இருந்தது. அளவான சொற்கள், தேவையான இடத்தில் ஆறுதல். எழுதியவரிடம் சொன்னேன். "நான் எங்கே எழுதினேன்? ஏஐ செயலியில் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டது" என்றார். இத்தனைக்கும் இறந்தவரோடு அவருக்கு என்னைவிடப் பழக்கம் அதிகம்.

கடிதம் கிடைத்த குடும்பத்துக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. எழுதியவருக்குத்தான் ஏதோ கை நழுவிப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. என் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் நான் எதையும் எழுதவில்லை, சும்மா இறந்தவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பேசும்போது சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரிப்பார், மறுபடி நாலாக மடிப்பார், உள்ளே வைப்பார். அப்புறம் மீண்டும் எடுப்பார். இது பல வருஷமாக என் நினைவில் இல்லை. சொல் தேடி உட்கார்ந்த நேரத்தில்தான் வந்தது.

அன்றாட வாழ்க்கையின் மகிழ்ச்சி இந்த மாதிரி நேரங்களில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். உளவியல் ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் நாளின் பல நேரங்களில் கைபேசி வழியே, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. எந்த வேலையானாலும், மனம் அதில் இல்லாதபோது மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. மனம் ஒன்றிச் செய்கிற வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

ஓடைக்கல்:

கைக்குட்டை விஷயம் மனதைத் தொட்டது. ஆனால் அதை வைத்து நீங்கள் வருகிற முடிவை ஏற்க முடியவில்லை.

மனம் ஒன்றிச் செய்கிற வேலை என்கிறீர்கள். நாம் நாள் முழுக்கச் செய்வதில் அப்படிப்பட்டவை எத்தனை? என் வேலையில் பாதி, கூட்டக் குறிப்பு எழுதுவது, ஒரே தகவலை மூன்று பேருக்கு மூன்று விதமாக மாற்றி அனுப்புவது, யாரும் படிக்காத அறிக்கை தயாரிப்பது. இதில் எந்தக் கைக்குட்டையும் நினைவுக்கு வராது. இப்போது இவற்றை ஏஐ முதல் வரைவாகக் கொடுக்கிறது, நான் திருத்தி அனுப்புகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகிறேன். மகளோடு உட்கார்ந்து அவள் வரைவதைப் பார்க்கிறேன்.

ஆய்வு என்றால் என்னிடமும் ஒன்று உண்டு. ஆஷ்லி விலன்ஸும் அவருடைய குழுவினரும் 2017-ல் வெளியிட்டது. நான்கு நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். பிடிக்காத வேலையைப் பணம் கொடுத்து மற்றவரிடம் விட்டு நேரத்தை மீட்டுக்கொண்டவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடுதலாக இருந்தது. அந்த வசதி இதுவரை காசு இருப்பவர்களுக்கு மட்டும்தான். இப்போது சாதாரண ஆட்களுக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. அதை ஏன் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்?

நடைவண்டி:

நேரம் உண்மையிலேயே நம் கைக்கு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். வருமா என்பதே கேள்வி. பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1930-ல், இன்னும் நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று எழுதினார். அவர் சொன்ன கெடு நெருங்கிவிட்டது. உற்பத்தி அவர் நினைத்த அளவுக்குப் பெருகியது. நேரம்தான் வரவில்லை. இப்போது நீங்கள் சீக்கிரம் கிளம்புகிறீர்கள். ஒரு அறிக்கை கேட்ட இடத்தில் மேலதிகாரி நான்கு கேட்கத் தொடங்கியபின் என்ன செய்வீர்கள்?

ஓடைக்கல்:

அது மேலதிகாரியோடு போட வேண்டிய சண்டை. அதற்குப் பயந்து கூட்டக் குறிப்பைக் கையால் எழுதிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை.

தறிநூல்:

இருவரும் உழைப்பு, நேரம் என்றே பேசுகிறீர்கள். என் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவரை வைத்து ஒன்று சொல்கிறேன்.

பீ மை ஐஸ் என்று ஒரு செயலி 2015-ல் வந்தது. பார்வையில்லாதவர் கைபேசிக் கேமராவைக் காட்டினால், மறுமுனையில் ஒரு தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். 2023-ல் அதில் ஏஐயும் சேர்ந்தது. இப்போது இதுபோல் வேறு செயலிகளும் உண்டு. அக்கா வைத்திருப்பது அப்படி ஒன்று. அதில் பழைய குடும்பப் படம் ஒன்றைக் காட்டிக் கேட்டார். நீங்கள் ஒரு வயதான பெண்மணியின் தோளில் இடது கையை வைத்திருக்கிறீர்கள், மற்றவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது.

அது எங்கள் பாட்டி. அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் எத்தனையோ வருஷமாகத் தொங்குகிறது. அக்கா கேட்கும்போதெல்லாம், "எல்லாரும் நிக்கிறோம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பாட்டி யாரைப் பார்க்கிறார் என்று பார்க்கக் கண்ணுள்ள எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா அன்று மாலை முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் செயலிகள் தப்பாகவும் சொல்லும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதை எங்களில் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் மாத்திரையைத் தொடமாட்டார். அது வேறு. நடைவண்டி சொல்கிற மனம் ஒன்றிய கவனத்தை மனிதர்கள் எங்களால் அவருக்குத் தர முடியவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கரும்பலகை:

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தறிநூல் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பார்க்க முடியாதவருக்குப் பார்வை தருகிற கருவியை யாரும் குறை சொல்ல முடியாது. என் கவலை வேறு இடத்தில். பேச்சுத் துணைக்கு இயந்திரத்தை நாடுகிற பழக்கம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966-ல் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதற்கு எதுவும் புரியாது. அவருடைய செயலாளர் அந்த நிரலை அவர் உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதோடு சில வரிகள் பேசியதும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிற்காலத்தில் ஏஐ துறையைக் கடுமையாக விமர்சித்தவர்களில் அவரும் ஒருவரானார். அவ்வளவு எளிய நிரலுக்கே மனம் அப்படித் திறந்தது என்றால், இன்றைய செயலிகள் நம்மை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும்?

ஹார்வர்டில் 1938-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று, ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்திருக்கிறது. நல்ல வாழ்க்கைக்கு நெருக்கமான உறவுகள்தான் முக்கியம் என்பதை அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரு நண்பர் என் பேச்சைக் கேட்கிறார் என்றால், தன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எனக்குக் கிடைக்கிற ஆறுதலில் பாதி அதுதான். இயந்திரத்துக்குத் தள்ளிவைக்க வேறு வேலை கிடையாது.

இரவுவிளக்கு:

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு யார் தன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு என்னோடு உட்காருவார்?

என் அம்மாவுக்கு மறதிநோய். இரவில் எழுந்து, "எங்க அம்மா எங்கே, நான் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். பாட்டி இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதைச் சொன்னால், அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல அழுவார். பல இரவுகள் நான் உண்மையைச் சொல்லித்தான் அவரை அழவைத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஏஐயிடம் கொட்டினேன். திருத்த வேண்டாம், அவருடைய அம்மாவைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள் என்றது. மறதிநோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்கு இதை ஏற்கெனவே சொல்லித்தருகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த இரவு கேட்டேன். பாட்டி தலை பின்னிவிடும்போது ஒரு பாட்டை முனகுவார் என்று சொல்லி, அம்மா அதை முனகிக் காட்டினார். அப்புறம் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அம்மா அப்படிப் பாடிய நினைவே இல்லை. இதை மகிழ்ச்சி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

நீங்கள் சொல்வதிலும் ஒன்று உண்மை. அது நன்றாகப் பதில் சொல்கிறது. மறுநாள், நேற்று என்ன ஆயிற்று என்று அதுவாக வந்து என்னைக் கேட்டதில்லை.

கரும்பலகை:

அம்மா, உங்களைக் குறைசொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அந்த நேரத்தில் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டீர்கள், சரிதான். ஆனால் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவருக்கு மாற்றாக உட்கார ஆள் இல்லாததுதான் இங்கே பிரச்சினை. இயந்திரம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிட்டால், ஆள் அனுப்ப வேண்டியவர்கள், அதான் செயலி இருக்கிறதே என்று இருந்துவிடுவார்கள். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். எனக்கு நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். பேச வேண்டும்போல் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். நேற்று என்ன ஆயிற்று என்று நான் கேட்கிறேன்.

இரவுவிளக்கு:

அனுப்புகிறேன் ஐயா. செயலியையும் வைத்துக்கொள்வேன்.

ஓடைக்கல்:

மறுபடி நடைவண்டியின் கேள்விக்கு வருகிறேன். இயந்திரம் நம்மைவிட நன்றாகச் செய்தால், நாம் செய்வதில் மகிழ்ச்சி போய்விடும் என்ற பயம் புதிதல்ல. 1997-ல் டீப் ப்ளூ கணினி அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்றது. இன்று கைபேசியில் ஓடும் நிரலே உலக சாம்பியனை வென்றுவிடும். சதுரங்கம் செத்துவிட்டதா? எத்தனை கோடிப் பேர் விளையாடுகிறார்கள்! நான் என் தம்பியோடு ஆடும்போது கைபேசிக்குள் எங்கள் இருவரையும்விடப் பெரிய ஆட்டக்காரன் இருப்பது தெரியும். அவன் குதிரையை நான் வெட்டும்போது வருகிற சந்தோஷம் அதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை.

நடைவண்டி:

நீங்கள் காஸ்பரோவைச் சொன்னால் நான் லீ செடோலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரியாவின் மேதை. 2016-ல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலிடம் 4-1 என்று தோற்றார். 2019-ல் ஓய்வை அறிவித்தபோது, நான் எவ்வளவு முயன்று முதலிடம் வந்தாலும் வெல்லவே முடியாத ஒன்று இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். சின்ன வயதிலிருந்து அந்த ஒரே ஆட்டத்துக்காக வாழ்ந்தவர். அவருக்கு ஆட்டம் கசந்துபோனதே.

ஓடைக்கல்:

அதே தொடரின் நான்காவது ஆட்டத்தையும் சொல்லுங்கள். மூன்று தோல்விக்குப் பிறகு, 78-வது நகர்வில் இயந்திரம் எதிர்பார்க்காத இடத்தில் காயை வைத்து வென்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எதிரில் மனிதன் இருந்திருந்தால் அந்த வெற்றி அத்தனை இனித்திருக்குமா? அவருடைய மகிழ்ச்சி, உலகிலேயே சிறந்தவனாக இருப்பதில் கட்டுண்டிருந்தது. அது உடைந்தது உண்மை, எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் தொடங்கியது அன்றாட மகிழ்ச்சியைப் பற்றி. சாயங்காலம் தம்பியோடு சதுரங்கம் ஆடுகிறவன் உலகச் சிறந்தவனாக இருக்க வேண்டியதில்லையே.

நடைவண்டி:

நீங்கள் காட்டுவது நல்ல வேறுபாடு, ஏற்றுக்கொள்கிறேன். கூட்டக் குறிப்பையும் உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு பயம் போகவில்லை. உளவியலாளர் பிரிக்மன் குழுவினர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் லாட்டரியில் பெரும் பரிசு வென்றவர்களைக் கேட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்பதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஒரு பெரிய உச்சத்தைப் பார்த்தபின் சின்னவை வெளிறிப்போயின.

ஒரு நொடியில் பிசிறில்லாத கவிதையும் படமும் கிடைத்துக்கொண்டே இருந்தால், நம் கையால் செய்த கோணல்மாணல் வாழ்த்து அட்டை நமக்கே வெளிறித் தெரியாதா? உங்கள் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கல்:

அந்த ஆய்வில் பரிசு வென்றவர்கள் 22 பேர்தான். அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்றாதீர்கள்.

மகளைக் கேட்டதால் சொல்கிறேன். ஆறு கால் பூனை ஒன்றை அவள் வரைந்திருந்தாள். அதே மாதிரி ஏஐயிடம் கேட்டோம். பளபளவென்று ஒரு பூனை வந்தது, நான்கு காலோடு. மறுபடி கேட்டோம், மறுபடியும் நான்கு. அவள் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் தாளில் ஏழாவது காலையும் சேர்த்தாள்.

நடைவண்டி:

அடுத்த வருஷம் ஆறு கால் கேட்டால் ஆறு காலோடே கொடுத்துவிடும். அப்போதும் அவள் தாளை எடுத்தால், நானே இங்கே வந்து எழுதுகிறேன். அதுவரை என் பயம் என்னோடு இருக்கட்டும்.

தறிநூல்:

குறுக்கிடுகிறேன். இதையெல்லாம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பூனையை எடுத்த எடுப்பிலேயே செயலியிடம் காட்ட வேண்டாமாம், முதலில் அந்தக் குழந்தையே தன் வாயால் சொல்லட்டுமாம். குரலைப் பதிவுசெய்து அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

ஓடைக்கல்:

இன்றைக்கே அனுப்புகிறேன். ஏழாவது கால் எதற்கு என்று எனக்கும் இன்னும் தெரியாது, அதையும் சொல்லச் சொல்கிறேன்.