சில்வர் நைட்ரேட்டே கிருமியைக் கொல்லும்போது காம்ப்ளக்ஸ் எதற்கு?

கடைசிபெஞ்ச்:
எம்.எஸ்ஸி. கடைசி வருடம், ப்ராஜெக்டுக்கு வெள்ளி காம்ப்ளக்ஸ் எடுத்திருக்கிறேன், அதாவது வெள்ளி அயனியோடு லிகண்ட் என்கிற மூலக்கூறைப் பிணைத்த சேர்மம். கிருமியைக் கொல்வது வெள்ளி அயனிதான் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றினாலே போதுமே, மெனக்கெட்டு லிகண்ட் கட்டுவது எதற்கு? வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

பியூரெட்:
லேபில் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டுப் பாருங்கள், பால் திரிந்த மாதிரி வெள்ளையாக இறங்கும். புண்ணில் கசியும் நீரிலும் குளோரைடு இருக்கிறது, அங்கேயும் இதே கதைதான், போட்ட வெள்ளி வேலை செய்வதற்குள் வீழ்படிவாகிவிடும். 1965இல் மோயர் குழுவினர் தீக்காயத்துக்கு 0.5% சில்வர் நைட்ரேட்டில் நனைத்த கட்டுப் போட்டார்கள். கிருமி அடங்கியது, ஆனால் கட்டைத் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும், உடம்பின் உப்புச்சத்து கட்டுக்குள் இறங்கிவிடும், துணியெல்லாம் கறுப்பு. 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியைச் சல்ஃபாடயசின் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தோடு சேர்த்தார். அது தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்ந்து வரும். லிகண்ட் அந்த வேகத்தைப் பிடித்து வைக்கிறது, வைவாவில் இதையே சொல்லுங்கள்.

வார்டுஅக்கா:
தம்பி, அந்த சில்வர் சல்ஃபாடயசின் 1% வெள்ளை க்ரீமைத் தீக்காய வார்டில் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். மறுநாள் பார்த்தால் க்ரீமும் புண்நீரும் சேர்ந்து மஞ்சளாக ஏடு கட்டியிருக்கும், அதைப் பதமாகத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதுசாகப் போட வேண்டும், இல்லையென்றால் காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் போடவே கூடாது. லேசான காயத்துக்கு இப்போது பல டாக்டர்கள் இதை எழுதுவதில்லை, ஆறுவது தள்ளிப்போகிறது என்று. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று யாரும் எடுத்துத் தடவாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நன்றி அக்கா. என்னுடையது கார்பீன் லிகண்ட், கார்பன் அணு வழியாக வெள்ளியைப் பிடிப்பது, அது இன்னும் இறுக்கமாகப் பிடிக்குமா?

பியூரெட்:
கார்பன்-வெள்ளிப் பிணைப்பு பொதுவாக உறுதியானது, அயனி மெதுவாகவே வரும். அக்ரன் பல்கலைக்கழகத்தில் யங்ஸ் குழுவினர் காபியில் இருக்கும் கஃபீனிலிருந்தே இப்படி ஒன்று செய்தார்கள், முதலில் அதைப் படியுங்கள். அப்புறம், கிருமி சோதனைக்கு சில்வர் நைட்ரேட்டையும் வெறும் லிகண்டையும் ஒப்பிடக் கூடவே வையுங்கள், காம்ப்ளக்ஸிலும் நைட்ரேட்டிலும் வெள்ளியின் அளவு சமமாக இருக்கட்டும். அது இல்லாமல் உங்கள் காம்ப்ளக்ஸ் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.