அப்பாவின் வலது கை: மூன்று மாதம் கடந்தால் அவ்வளவுதானா?

வெள்ளாமைக்காரர் மகள் (மண்டூர்)

அப்பாவுக்கு வயது 63. எங்களுக்கு மூன்றரை ஏக்கர் வெள்ளாமை. தை பிறந்து நான்காம் நாள், கதிர் பழுக்கத் தொடங்கியிருந்த நேரம், யானைக் காவலுக்கு வாடியில் படுத்திருந்தவருக்கு விடியற்புறம் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

இப்போது நான்கு மாதம். இடது கையில் ஊன்றுகோலோடு முற்றம் வரை நடக்கிறார். வலது கையைத் தோளிலிருந்து கொஞ்சம் உயர்த்துகிறார், விரல்களைப் பாதி வரை விரிக்கிறார். ஆனால் அந்தக் கையால் எதையும் செய்வதில்லை. மடியில் கிடக்கிறது. அம்மா ஊட்டிவிடுகிறார், சட்டை போட்டுவிடுகிறார், தலை சீவிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கிளினிக்குக் கூட்டிப்போகிறோம். இயன்மருத்துவரிடம் அரை மணி நேரம் கிடைக்கும்.

மாமா சொல்கிறார், “மூன்று மாதத்துக்குள் வந்ததுதான் வரும். இனி அவரை அலைக்கழிக்காதே.” அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து விரலை விரிக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாமா சொல்வது உண்மையா?

இன்னொன்று. தண்ணீர் கேட்க வாய் வராதவர், பொலிப்பாட்டு மட்டும் பாடுகிறார். சூடடிக் களத்தில் எருமை வளைத்த காலத்துப் பாட்டு. சொற்கள் தெளிவாகவே வருகின்றன. அம்மா இதைத் தெய்வச் செயல் என்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு பேச்சை மீட்க வழி இருக்கிறதா?

கடைசியாக, என்னை உறங்கவிடாத ஒரு விடயம். பெரிய வைத்தியசாலையில் வைத்தியர் முதலில் கேட்டது, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்பதுதான். நான், “முந்தின நாள் மாலை 6 மணிக்கு, வீட்டிலிருந்து போகும்போது” என்றேன். ஒரு மாதம் கழித்துத்தான் பக்கத்து வயல் பெரியப்பா சொன்னார்: இரவு 2 மணிக்கு யானை வந்து வெடி போட்டபோது அப்பா எழுந்து நின்று பேசியிருக்கிறார். மூன்றரை மணிக்கு அவரை விழுந்த நிலையில் கண்டிருக்கிறார்கள். காற்றுப் பட்டுவிட்டது என்று எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து ஒரு மணி நேரம் போயிருக்கிறது. பிறகு உழவு இயந்திரத்தில் ஏற்றி, முதலில் போன இடத்தில் ஸ்கேன் இல்லாமல் அங்கிருந்து அனுப்பி, பெரிய வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது காலை 6.10. நான் சரியான நேரத்தைச் சொல்லியிருந்தால்?

இயன்மருத்துவர் (கல்முனை)

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது உங்களை அரித்துக்கொண்டிருந்தால் அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்ய உடம்பில் பலம் இருக்காது.

குருதிக் கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று 1995 இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வு அதை நான்கரை மணி வரை நீட்டியது. உறக்கத்தில் வந்தவருக்கு, பொதுவாகக் கடைசியாக நலமாகக் கண்ட நேரத்திலிருந்துதான் கணக்கு. 2 மணி என்று வைத்தால் 6.30 க்கு வாசல் மூடும். நீங்கள் போய்ச் சேர்ந்தது 6.10. மீதி இருபது நிமிடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா குருதிக் கசிவா என்று பார்த்து, குருதி அமுக்கமும் சீனியும் அளந்து, மருந்து ஏற்றியிருக்க முடியுமா? கசிவாக இருந்திருந்தால் அந்த மருந்து உயிரையே எடுத்திருக்கக்கூடும். நீங்கள் அறிந்ததைச் சொன்னீர்கள். பெரியப்பா அறிந்ததை அவரிடம் யாரும் கேட்கவில்லை. இனி ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் கண்டவரையே ஆம்புலன்சில் கூட ஏற்றுங்கள், முடியாவிட்டால் அவருடைய தொலைபேசி இலக்கத்தையாவது கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி கை. மூன்று மாதக் கணக்குக்கு ஓர் அடிப்படை உண்டு. தானாக வரும் மீட்சியில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் வந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவதில்லை. 2006 இல் வெளியான ‘எக்சைட்’ ஆய்வில் சேர்ந்த 222 பேரும் பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் கடந்தவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதைப் பயன்படுத்தாமல் தடுத்து, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கை முன்னேறியது, அந்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. அதில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது விரிய வேண்டும். அப்பா பாதி வரை விரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை தருவது அந்த வரிதான்.

உறையை மட்டும் நீங்களாக மாட்டிவிடாதீர்கள். நல்ல கையில்தான் அவருடைய ஊன்றுகோல் இருக்கிறது. இருக்கையில் அமர்ந்திருக்கும்போது மட்டும், உங்கள் இயன்மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு.

நான் உங்களிடம் கேட்பது எண்ணிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பயிற்சி வேளையில் கையால் செய்யும் பயனுள்ள அசைவுகள் சராசரி 32. விலங்குகளில் மூளை தன்னை மாற்றிக்கொண்டதைக் காட்டிய ஆய்வுகளில் அது நூற்றுக்கணக்கில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கு எப்படி வரும்? வீட்டில்தான் வரவேண்டும்.

முந்நூறு புளியங்கொட்டை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். வலது பக்கம் ஒரு சுளகு, எட்டிப் போடும் தூரத்தில் ஒரு சிரட்டை. ஒன்றை எடுத்து ஒன்றில் போடுவது. மாலையில் சிரட்டையைக் கவிழ்த்தால் எண்ணிக்கை தெரியும், கொப்பியில் எழுதிவையுங்கள். இலகுவாக வந்ததும் சிரட்டையைத் தள்ளிவையுங்கள், பிறகு கொட்டைக்குப் பதில் பயறு. அதைவிட முக்கியம், அவருடைய தொழில் அந்தக் கைக்குள் திரும்ப வேண்டும். மண்வெட்டிப் பிடியைப் பற்றி விடுவது, உமி நிறைந்த சாக்கின் வாயைக் கட்டுவது. விவசாயியிடம் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் ஏன் முகத்தைத் திருப்பமாட்டார்?

அம்மாவிடம் மெல்லச் சொல்லுங்கள். அன்பினால்தான் ஊட்டுகிறார். ஆனால் பயன்படுத்தாத கையை மூளை மறக்கவே பழகிக்கொள்கிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களிடமே பொறுப்பை விடுவது போதுமா என்று இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017 இல் வெளியான அந்த ஆய்வில், வழமையான கவனிப்பைவிட அது மேலதிகப் பயன் எதையும் காட்டவில்லை. ஆகவே வீட்டுப் பயிற்சியைக் கிளினிக்குக்குப் பதிலாக வைக்காதீர்கள். கொப்பியைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டுங்கள், பயிற்சியை மாற்றிக் கேளுங்கள்.

அக்கரைப்பற்றுக் கடைக்காரர்

சகோதரி, என் உம்மாவுக்கு வந்து மூன்று வருடம். ஏழாவது மாதத்தில்தான் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தன. இன்று தஸ்பீஹ் மணி உருட்டுகிறார்.

நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். கட்டிலிலிருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தோம், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். தளர்ந்த தோள் பொருத்து விலகிப்போனது. அந்த வலியில் இரண்டு மாதம் கையைத் தொடவே விடவில்லை. பயிற்சி முழுவதும் நின்றுபோயிற்று. இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும் என்று பிறகுதான் ஒரு தாதி காட்டித்தந்தார். உட்கார்ந்திருக்கும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள். சுடு ஒத்தடமும் வேண்டாம், உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது.

அடுத்தது குளிசை. உம்மாவுக்கு நடை வந்ததும், இனி எதற்கு என்று பிரஷர் குளிசையை நாங்களாகவே குறைத்தோம். இரண்டாவது தடவையும் வந்தது. லேசாக வந்து போனது, அல்லாஹ்வின் கருணை. இப்போது கடையில் கணக்கு எழுதுவதுபோலக் குளிசைக்கும் நாள் தவறாமல் எழுதுகிறேன்.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உம்மாவும் அப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிடிவாதம் என்று நினைத்தோம். பாரிசவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், அதற்கும் மருந்து உண்டு என்று வைத்தியர் சொன்னபோது வெட்கமாக இருந்தது. கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள்.

கல்லடி வாசி

எனக்கும் பேச்சுப் போனது. ஐந்து வருடம். இதை எழுத ஒரு மணி நேரம் ஆகிறது.

எனக்கு எல்லாம் விளங்கியது. சொல் உள்ளே இருந்தது. வாய்க்கு வரவில்லை.

எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். என் காதில் குறை இல்லை.

மகள் என் வசனத்தை முடித்துவைப்பாள். பிழையாக முடிப்பாள். நான் கோபப்படுவேன். பிறகு முயல்வதை விட்டேன்.

ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். “சோறா, இடியப்பமா?” என்று கேளுங்கள். இரண்டையும் காட்டுங்கள். பிறகு காத்திருங்கள். பத்து வரை எண்ணுங்கள். இன்னொரு பத்து எண்ணுங்கள்.

உங்கள் மாமா அவர் முன்னால் அப்படிப் பேசக்கூடாது.

இயன்மருத்துவர் (கல்முனை)

கல்லடி ஐயா எழுதியதை அச்சடித்து எங்கள் பகுதியில் ஒட்ட விரும்புகிறேன், அனுமதி தருவீர்களா?

பொலிப்பாட்டைப் பற்றி விட்டுவிட்டேன். பெரும்பாலானோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில். இராகத்துக்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. அப்பாவின் இடப்பக்கம் அடிபட்டது, பாட்டுப் பிழைத்தது. 1973 இல் பொஸ்டனில் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அன்றாடச் சொற்களை இராகமாக இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையால் தட்டச் செய்து, பிறகு இராகத்தை மெல்ல மெல்லக் குறைப்பது. பாட்டைப் பாடுவது மட்டும் பேச்சைத் திருப்பித் தராது. பாட்டின் மெட்டில் அவருக்கு வேண்டிய சொல்லை வைக்க வேண்டும். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கிளினிக்கில் துண்டு எழுதித் தரக் கேளுங்கள், அந்தச் சிகிச்சையாளர் சரியாக அமைத்துத் தருவார்.

வெள்ளாமைக்காரர் மகள் (மண்டூர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் நாள் 23 கொட்டை. பிறகு சிரட்டையைத் தட்டிவிட்டார். நான் பொறுக்கிவைத்துவிட்டு எழுந்துபோனேன். அடுத்த நாள் அம்மா சுளகில் கொட்டையோடு சாவி நெல்லையும் கொஞ்சம் கொட்டிவைத்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டையை விட்டுவிட்டுச் சாவியை ஒதுக்கத் தொடங்கினார், வலது கையால், மிக மெதுவாக. 41. நேற்றுக் காலையும் மாலையும் சேர்த்து 160. சாக்கு இன்னும் கட்ட முடியவில்லை.

அப்பா சாப்பிடும்போது அம்மா இப்போது வெளித் திண்ணையில் உட்காருகிறார். உள்ளே இருந்தால் கை தானாகப் போய்விடுகிறதாம். முதல் வாரம் அழுதார்.

மாமாவிடம் நானே பேசினேன். வருத்தப்பட்டார். அவருக்கும் பிரஷர் இருக்கிறது, அளந்தே இரண்டு வருடம். கூட்டிக்கொண்டுபோய் அளந்தோம், குளிசை தொடங்கியிருக்கிறார்கள்.

பெரியப்பாவிடமும் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், எண்ணெய் தேய்த்தது அவர்தான். உங்கள்மேல் பிழை இல்லை என்று சொல்லிவிட்டு, வாடிக் கம்பத்தில் சிவப்பு மையால் எழுதினோம்: முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990 ஆம்புலன்சுக்கு அழை, நேரத்தைக் குறி. அடுத்த போகத்துக்குக் காவல் வருபவர்கள் எல்லோரும் அதன் கீழேதான் படுப்பார்கள்.

பேச்சுச் சிகிச்சையாளரை இரண்டு தடவை பார்த்தோம். பொலிப்பாட்டின் மெட்டிலேயே “தண்ணீர் தா” என்று வைத்துக்கொடுத்தார். அப்பா இடது கையால் தொடையில் தட்டித் தட்டிப் பழகினார். முந்தாநாள் மதியம் நான் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தபோது, பயிற்சி நேரமே இல்லை, உள்ளிருந்து அந்த இழுப்போடு “தண்ணீர்” என்று கேட்டது. அம்மா செம்பு நிறையக் கொண்டு ஓடினார். வாயருகே கொண்டுபோனவர், நின்று, செம்பை அப்பாவின் வலது பக்கத்தில் வைத்தார். பாதி நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். மீதியைக் குடித்தார்.

இயன்மருத்துவர் அக்காவிடம் ஒரு கேள்வி. கையைத் தோள் மட்டத்துக்கு மேலே உயர்த்தும்போது கடந்த இரண்டு நாளாக முகம் சுளிக்கிறார். அடுத்த கிளினிக் புதன்கிழமை. அதுவரை சுளகை மடிக்கு இறக்கிவைத்தால் போதுமா, முழுவதுமாக நிறுத்த வேண்டுமா?

இயன்மருத்துவர் (கல்முனை)

நிறுத்த வேண்டாம். தோள் மட்டத்துக்குக் கீழே மட்டும், வலி வராத அளவுக்கு. சுளகும் சிரட்டையும் மேசையில் இருக்கட்டும், முழங்கையை ஊன்றிச் செய்யட்டும். யாரும் அந்தக் கையை மேலே தூக்கிவிட வேண்டாம், அவராகவும் பலவந்தமாகத் தூக்க வேண்டாம். வலி கூடினாலோ கை வீங்கினாலோ புதன் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். கொப்பியை மறக்காதீர்கள்.