பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

தெம்பனிஸ் மிஸ்ஸி:

எல்லாருக்கும் வணக்கம். நான் தாதி, வார்டு வேலையில் 19 வருஷம். போன வருஷத்திலிருந்து சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒரு கோப்பியும் கறிபாப்பும் உண்டு.

முதல் வகுப்பில் நான் சொதப்பியதிலிருந்தே தொடங்குகிறேன். திரையில் 40 படம் போட்டேன். சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், அழுத்துக்கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்று பாடமாகவே நடத்தினேன். கடைசியில் வைத்த சின்னத் தேர்வில் எல்லாரும் தேறினார்கள். முடிந்ததும் கீழே கூடைப்பந்துத் தளத்துக்கு ஓடினார்கள். நான் மேலே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், ஒரு பையன் பந்துக்கு எம்பிக் குதித்து இறங்கும்போது இன்னொருவன் காலின் மேல் இறங்கிவிட்டான். கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது.

முழு மதிப்பெண் வாங்கிய இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, "நடடா, நடந்தா சரியாயிடும்" என்றார்கள். மூன்றாமவன் காலைப் பிடித்து உதறினான்! பால்கனியிலிருந்து நான் போட்ட சத்தம் பக்கத்து புளோக்குக்குக் கேட்டிருக்கும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கை முந்திக்கொள்கிறது. கீழே விழுந்தவனைத் தூக்குவது, வலிக்கிற இடத்தைத் தேய்ப்பது, பிசகிய விரலை இழுப்பது எல்லாம் யோசிக்காமல் நடக்கிற காரியம். அதனால் இப்போது படம் எதுவும் காட்டுவதில்லை. ஒருவன் படுத்துக்கொள்வான், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். எண்ணும்போது கண் மட்டும் வேலை செய்யும்: மூச்சு விடுகிறானா, ரத்தம் வருகிறதா, கை கால் கோணலாக இருக்கிறதா. எண்ணி முடித்ததும் வாய். எங்கே வலிக்குது? டப்புன்னு சத்தம் கேட்டுதா? விரலை அசைக்க முடியுதா? கையை அதற்கப்புறம்தான் அவிழ்க்கலாம். மூச்சில்லை, ரத்தம் பீய்ச்சுகிறது என்றால் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே இறங்கிவிட வேண்டும்.

ஐஸ் விஷயத்தையும் மாற்றினேன். ஆளுக்கொரு ஐஸ் கட்டியை வெறும் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொள்ளச் சொல்வேன். ஒரு நிமிஷத்திலேயே "மிஸ்ஸி, எரியுது" என்று நெளிவார்கள். துணியில் சுற்று, 15 முதல் 20 நிமிஷம் போதும் என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. வீட்டில் ஐஸ் பை இல்லையா, உறைபெட்டியில் மீன் உருண்டை பாக்கெட் இருக்குமே, அதை டீ சட்டையில் சுற்றி வை என்பேன்.

கொஞ்ச நேரம் கழித்தும் அவனாகவே நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. நாங்களே ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

ஈசூன் அப்பா:

மிஸ்ஸி, உங்கள் வகுப்பு மாதிரி ஒன்றில்தான் என் மகளும் படித்தாள், உயர்நிலை இரண்டு. போன மாதம் வீட்டு வரவேற்பறையில் தம்பி மூக்கில் பந்து பட்டு ரத்தம். என் அம்மா உடனே அவன் தலையை அண்ணாந்து பிடித்து நெற்றியில் ஈரத்துண்டு போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வைத்தியம் அது.

மகள் வந்து, "பாட்டி, விடுங்க. அவன் குனியணும்" என்றாள். "ரத்தம் கொட்டுதே, குனியச் சொல்றியேடி!" என்று அம்மா பதறினார். "அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கும் பாட்டி, அப்புறம் வாந்திதான்." மூக்கின் மேலே எலும்பில் பிடிக்காமல் கீழே மெத்தென்ற இடத்தில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விடச் சொன்னாள். நேரம் பார்க்க மைக்ரோவேவ் டைமரில் 10 நிமிஷம் வைத்தாள். தம்பி நடுவில் நடுவில் "நின்னுடுச்சா?" என்று விடப் பார்த்தான், விரலில் ஒரு தட்டு. டிங் என்ற சத்தத்தோடு கையை எடுத்தபோது நின்றிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி போனில் ஈப்போ சித்தியிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார்.

பந்துக்கார அண்ணன்:

நான் புளோக்குக்குக் கீழே இருக்கும் தெருக் காற்பந்துத் தளத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சுளுக்கு, சிராய்ப்பு எல்லாம் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் தலையில் படுகிற அடிதான், ஏனென்றால் பையன்கள் மறைப்பார்கள்.

ஒரு அரையிறுதி ஆட்டம். இரண்டு பேர் பந்துக்கு எம்பி மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, "ஓகே கோச், ஓகே" என்று கட்டைவிரலைக் காட்டினான். கண் ஒரு மாதிரி இருந்தது. இப்போ ஸ்கோர் என்னடா என்று கேட்டேன். 3-1 என்றான். அது போன வாரத்து ஆட்டம்.

வெளியே உட்கார வைத்தேன். அவன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நல்லாத்தானே இருக்கான், ஏன் எடுத்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டாலும் உள்ளே விடக் கூடாது. நான் அசையவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பையன் வாந்தி எடுத்தான். அப்பா நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஒரு நாள் கவனிப்பில் வைத்து அனுப்பினார்கள், இப்போது நன்றாக இருக்கிறான்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யாருக்குத் தலையில் அடிபட்டாலும் அவனைக் கேட்பதில்லை, அவன் கூட்டாளியைக் கேட்பேன். "அவன் சரியா இருக்கானா?" 15 வயதுப் பையன் தனக்காகப் பொய் சொல்வான், நண்பனுக்காக அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டான்.

வாழைப்பழ ஸ்கேட்:

ஹாய் ஆன்ட்டி, அங்கிள். எனக்கு 17. போன வருஷம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஸ்கேட் பண்ணும்போது என் தோழி முகம் குப்புற விழுந்து முன்பல் ஒன்று முழுசாக வெளியே வந்துவிட்டது. பள்ளியில் சீருடைக் குழுவில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: வெள்ளைப் பகுதியை மட்டும் பிடி, வேரைத் தொடாதே, தேய்க்காதே, பாலில் போடு. குழியிலேயே திரும்ப வைப்பதுதான் சிறந்தது என்றும் தெரியும், ஆனால் அவள் அழுத அழுகையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட வந்த பையனைப் பால் வாங்கிவர அனுப்பினேன். மைலோ பாக்கெட்டோடு வந்தான்! "மைலோலயும் பால் இருக்குல்ல?" அந்த நிலைமையிலும் தோழி சிரித்துவிட்டாள், சிரித்ததில் இன்னும் கொஞ்சம் ரத்தம். மறுபடி ஓடிப்போய் வெறும் பால் வாங்கிவந்தான். ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விட்டோம். பல் இதுவரை நிற்கிறது. பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், அதுவும் தெரிந்துகொள்ளுங்கள்.

மல்லிகா பாட்டி வீடு:

எல்லாம் சரி. சுளுக்குக்குத் தைலம் தேய்க்கக் கூடாதா? 40 வருஷமாகத் தேய்த்துத்தானே வளர்த்தோம்?

தெம்பனிஸ் மிஸ்ஸி:

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் உருவுவதும் சூடு கொடுப்பதும் உள்ளே கசிவைக் கூட்டும், வீக்கம் ஏறும். வீக்கம் வடிந்த பிறகு தேய்த்துவிடுங்கள், பிள்ளைக்கும் இதமாக இருக்கும். வகுப்பில் நான் சொல்வதே, "பாட்டிகிட்ட தைலம் வேணாம்னு சண்டை போடாதீங்க, நாலாம் நாள் தாங்கன்னு கேளுங்க" என்பதுதான்.

வெயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பள்ளி உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்தக் குறியீடு 33 டிகிரியைத் தொட்டால் அபாயம் அதிகம் என்று பொருள், அன்றைக்கு ஓட்டத்தைத் தள்ளிப்போடலாம். தலைசுற்றல், சோர்வு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. ஆனால் ஓடியவன் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் உளறினால் கதை வேறு. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உடம்பில் ஊற்ற வேண்டும். விசிறிக்கொண்டே கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். தொடை இடுக்கு என்றதும் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்தது மறக்காது.

ஒருவர் குளிரூட்டும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். அழைத்துப் பேசுவதை ஒத்திகை பார்த்தபோதுதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. நான் கட்டுப்பாட்டு அறை, அவர்கள் அழைப்பவர்கள். "எங்க இருக்கீங்க?" "அந்த... பர்கர் கடை பக்கத்துல." எந்தக் கடை? தெரியாது. 12 வருஷமாகக் குடியிருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைச் சொல்ல முடியாத பிள்ளைகள்! இப்போது வகுப்பின் பாதி வெளியேதான். புளோக் எண்ணைப் பார், பூங்கா இணைப்புப் பாதை என்றால் விளக்குக் கம்பத்தில் உள்ள எண்ணைப் படி. மின்தூக்கி முகப்பில் மாட்டியிருக்கும் இதய அதிர்வுக் கருவியை, இதயம் நின்றுபோனால் மின்னதிர்வு கொடுக்கும் பெட்டியை, காட்டினேன். ஒரு பையன், "ஃபயர் பாக்ஸ்னு நினைச்சேன் மிஸ்ஸி" என்றான். தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறான்.

பந்துக்கார அண்ணன்:

மிஸ்ஸி, அந்தக் கணுக்கால் பையன் என்ன ஆனான்?

தெம்பனிஸ் மிஸ்ஸி:

தசைநார்க் காயம்தான் அண்ணே, எலும்பு தப்பியது. ஆறு வாரம் ஆடவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் தரையில் படுக்கிற நோயாளி அவன்தான், வேறு யாருக்கும் இடம் தருவதில்லை. எவனாவது அவசரப்பட்டு அக்குளில் கை வைத்தால் படுத்தபடியே, "டேய், எண்ணுடா" என்று கத்துகிறான்.