மிருதங்கம் வாசிக்கத் தெரியும், எம்பிசி ஒன் பிடிபடவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

ஈசூன் மாலைநேரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான். வீட்டுக்கு வந்த பிறகும் மடிக்கணினியைத் திறந்து இசை செய்ய மனம் ஒப்பவில்லை. அதனால், ஒலித்துண்டுகளை ஏற்றி, தட்டி வாசித்துத் தாளம் கட்ட உதவும், கணினியின் துணை இல்லாமல் தனித்து இயங்கக்கூடிய அக்காய் எம்பிசி ஒன் இயந்திரம் ஒன்றை, பழையதாக, 600 வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து, சிங்கப்பூரின் காத்திப் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சென்ற மாதம் வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். அங்கேயே ஒரு தூண் ஓரத்து மின்செருகியைத் தேடி, இயக்கிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

சிறு வயதில் எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றிருக்கிறேன். அந்த வாத்தியத்தின் ஒலிகளையே இயந்திரத்தில் ஏற்றி, அவற்றைக் கொண்டு தாளக்கட்டுகள் அமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் மூன்று வாரமாக உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. கோப்புப் பட்டியலில் ஓர் ஒலியைத் தொட்டால் காதில் கேட்கிறது, அதை ஏற்றிய பிறகு பேடை (விரலால் தட்டும் சதுரப் பொத்தானை) தட்டினால் மௌனமாக இருக்கிறது. ஒருநாள் எப்படியோ நான்கு மாத்திரைக்கு ஒரு தாளம் பதிந்தது. அடுத்த சீக்வென்ஸுக்குப் போனால் அங்கே எல்லாம் வெறுமையாகிவிட்டது. புராஜெக்ட், சீக்வென்ஸ், ட்ராக், புரோகிராம் என்ற நான்கு சொற்களில் எது எதற்குள் அடங்கும் என்பதே எனக்கு விளங்கவில்லை. காணொளிகளைப் பார்த்தால் ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தொப்பியும் வலந்தலையும் எழுதியது:

ஐயா, உங்கள் குழப்பம் எனக்கும் இருந்தது. ஆனால் மிருதங்கம் தெரிந்தவருக்கு அதைத் தீர்ப்பது எளிது. புரோகிராம் என்பதை வாத்தியமாகவும், ட்ராக் என்பதைச் சொற்கட்டு எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் சத்தம் கிடையாது. எந்த அடி எப்போது விழ வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. சத்தம் வாத்தியத்தில் இருக்கிறது. சீக்வென்ஸ் என்பது கச்சேரியில் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நோட்டுகள் உண்டு என்பதால்தான் அடுத்த சீக்வென்ஸுக்குப் போனவுடன் நீங்கள் பதிந்தது காணவில்லை. அது அழிந்துவிடவில்லை, முந்தைய பகுதியின் நோட்டில் அப்படியே இருக்கிறது. புரோகிராமோ புராஜெக்ட் முழுவதற்கும் பொதுவானது. ஒரே மிருதங்கத்தைத் தனி ஆவர்த்தனத்திலும் கீர்த்தனையிலும் வாசிப்பதைப் போல, எந்த சீக்வென்ஸிலிருந்தும் அதை அழைத்துக்கொள்ளலாம். சீக்வென்ஸை வெறுமையாகத் தொடங்காமல், முதலாவதை இரண்டாவதின் மேல் நகலெடுத்துக்கொண்டு மாற்றுவது வசதி.

காணொளிகள் ஒத்துவராததற்குக் காரணம் வேறு. மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் புரோகிராம் என்ற தனி அடுக்கை எடுத்து ட்ராக்குடனேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் இயந்திரத்தில் ஓடுவது இரண்டாம் பதிப்பா மூன்றாம் பதிப்பா என்று அமைப்புகள் பக்கத்தில் முதலில் பாருங்கள். அதே பதிப்பைக் காட்டும் காணொளிகளை மட்டும் பாருங்கள். நான் மேலே சொன்னது இரண்டாம் பதிப்புக்கு உரியது. உங்கள் விவரிப்பும் அதைத்தான் காட்டுகிறது.

பேட் பேசாததற்கு வருவோம். கோப்பை ஏற்றினால் அது புராஜெக்டின் பொதுக் குவியலுக்குத்தான் போகும். எந்தப் பேடில் உட்கார வேண்டும் என்று நாம் சொல்லாதவரை அது சும்மா கிடக்கும். பேடுகளைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து, பேடை ஒருமுறை தட்டித் தெரிவுசெய்து, அதன் முதல் அடுக்கில் அந்த ஒலியின் பெயரை இடுங்கள். அப்படியும் பேசாவிட்டால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: உங்கள் ட்ராக் வேறு புரோகிராமைச் சுட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஏ வரிசையில் ஒலியை வைத்துவிட்டு பி வரிசையைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவது பதினாறு பேடுதான் என்றாலும் எட்டு வரிசைகளாக 128 பேடுகள் உள்ளே இருக்கின்றன.

இனி மிருதங்கம். எம்பிசி ஒன் பின்புறத்தில் இருப்பவை லைன் அளவு உள்ளீடுகள் மட்டுமே. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் அதில் வராது. மைக்கை நேராகச் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லையே என்று தவிக்காமல், ஒரு சிறிய கைப்பதிவுக் கருவியில் பதிந்து, வேவ் கோப்பாக எஸ்டி அட்டை வழியே கொண்டுவாருங்கள். தொப்பியில் (இடப்பக்கம்) தொம், மூடிய த. வலந்தலையில் (வலப்பக்கம்) நம், தின், சாபு, மூடிய கி: தொடக்கத்துக்கு இந்த ஆறு அடிகள் போதும். ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, அழுத்தமாக என்று பலமுறை அடித்துப் பதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இன்று இருக்கும் சுருதி நாளை இருக்காது. நடுவில் குளிர்சாதனத்தைப் போட்டு அணைத்தால் அதே மாலையிலேயே மாறிவிடும்.

பேடுகளில் ஏற்றிய பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தின் அடித்தால் கார்வை, அதாவது அடிக்குப் பின் தொடரும் ஒலி, நீளும். அடுத்து கி விழுந்தால் உண்மையான வாத்தியத்தில் விரல் தோலை அழுத்துவதால் அந்தக் கார்வை அறுந்துவிடும். இயந்திரத்துக்கு இது தெரியாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒலித்துக் குழம்பும். இதற்குத்தான் மியூட் குரூப் இருக்கிறது. ஒரே குழு எண்ணைப் பெற்ற பேடுகளில் ஒன்று ஒலித்தால் மற்றது நின்றுவிடும். வலந்தலை அடிகளுக்கு 1, தொப்பி அடிகளுக்கு 2 என்று தனித்தனிக் குழுவாகக் கொடுங்கள். நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டுவிட்டு, நம் விழும்போதெல்லாம் தொம்மின் கார்வை ஏன் செத்துப்போகிறது என்று இரண்டு இரவுகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஒரே பேடில் நான்கு அடுக்குகள் வைக்கலாம் என்பதால், ஒரே நம் அடியின் நான்கு பதிவுகளை அடுக்கி, சுழற்சி முறையில் ஒலிக்கச் செய்யுங்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் ஆணி அடிப்பதைப் போலக் கேட்கும்.

தாளத்தைப் பொறுத்தவரை, புது சீக்வென்ஸ் எப்போதும் நான்குக்கு நான்காகத்தான் திறக்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு வேண்டுமென்றால் பதிவதற்கு முன்பே ஏழுக்கு எட்டு என்று மாற்றிவிடுங்கள். அடிகளைக் காலக் கட்டத்துக்கு இழுத்து நேராக்கும் டைமிங் கரெக்ட் என்ற திருத்தத்தில் பதினாறில் ஒன்று என்றால் சதுஸ்ரம் (நான்கு பிரிவு), அதன் மூன்றுப் பிரிவு திஸ்ரம். ஒன்றுவிட்டு ஒன்றாக அடிகளைப் பிந்தவைக்கும் ஸ்விங் 50 என்பது சம இடைவெளி. அதை 66 வரை ஏற்றினால் ஏறக்குறைய திஸ்ர நடைக்கே வந்துவிடும். ஐந்து பிரிவுகள் கொண்ட கண்ட நடைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது எனக்குச் சற்று மனக்குறைதான். ஆனால் ஒரு வழி உண்டு: ஐந்துக்கு எட்டு என்று அமைத்து, ஒவ்வொரு சுற்றையும் ஓர் அட்சரமாகக் கொள்ளுங்கள். அட்சரத்துக்கு ஒரு வினாடி என்றால் வேகத்தை 150 என்று வைக்க வேண்டும்.

தெம்பனிஸ் பதினோராம் மாடி எழுதியது:

மேலே சொன்னவற்றில் நான் சேர்ப்பது வீவக அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர்களுக்கான சில செய்திகள் மட்டுமே, அண்ணா. காதொலிக்கருவி போட்டுக்கொண்டு வாசிப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மின்தூக்கியில் கீழ்வீட்டு மாமி, "ராத்திரியில் என்னம்மா இடிக்கிறீங்க, சம்பலா?" என்று கேட்டார். பாட்டுச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. பேடில் விரல் விழும் அடி, மேசைக்கால் வழியாகத் தரையில் இறங்கி அவர் படுக்கையறைக் கூரையில் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து இயந்திரத்துக்கு அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்றை விரித்து, பத்தரைக்குப் பிறகு மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல்தான் வாசிக்கிறேன்.

மடிக்கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ கம்பி வழியே ஒலி எடுக்கும்போது அடியில் ஊம் என்று ஓர் இரைச்சல் வந்தால், இயந்திரம் பழுது என்று பயப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு கருவிகளும் தனித்தனியே சுவரில் செருகப்பட்டிருக்கும்போது தரைக்கம்பிகளுக்கு இடையே ஒரு சுற்று உண்டாகி அந்த இரைச்சலைக் கொண்டுவரும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கம்பிகள் வாங்க சிம் லிம் டவருக்குப் போனால், எந்த முனை எதற்கு என்று கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

மிகவும் முக்கியமானது சேமிப்பு. நாம் பதிவது எல்லாம் 2 கிகாபைட் நினைவகத்தில்தான் நிற்கும். சேமிக்காமல் அணைத்தால் போயே போய்விடும். ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு 16 பிட் தரத்தில் ஏறக்குறைய 10 மெகாபைட் ஆகும் என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நம் ஞாபகத்துக்குத்தான். எஸ்டி அட்டையில் சேமிக்கும்போது எக்ஸ்பிஜே என்று முடியும் ஒரு கோப்பும், அதே பெயரில் புராஜெக்ட் டேட்டா என்ற ஓர் உறையும் (ஃபோல்டர்) உண்டாகும். ஒலிகள் இருப்பது அந்த உறைக்குள்தான். கோப்பை மட்டும் வேறு அட்டைக்கு நகலெடுத்துவிட்டு, பழைய அட்டையை அழித்தவள் நான். திறந்தபோது தாளக்குறிப்புகள் எல்லாம் ஒழுங்காக ஓடின. ஓர் ஒலிகூட இல்லை.

பழைய கேசட் எழுதியது:

மாற்றுக்கருத்து ஒன்றைப் பதிவுசெய்ய அனுமதியுங்கள். வாங்கிய பொருளைக் குறைசொல்வது முறையல்ல என்றாலும், இதைப் படிக்கும் வேறு ஒருவர் இனிமேல்தான் வாங்கப்போகிறார் என்றால், எம்பிசி ஒன்னில் மின்கலம் இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கலம் வேண்டுவோர் எம்பிசி லைவ் வகைக்குப் போகலாம். நான் வைத்திருப்பது 2021இல் வந்த, இதே வகையைச் சேர்ந்த ரோலண்ட் எஸ்பி-404 எம்கே-2. ஆறு ஏஏ மின்கலங்களில் ஓடும், பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை எம்ஆர்டியில் மடியில் வைத்து வாசித்துக்கொண்டே போவேன். அதில் பதிவு பொத்தானை அழுத்த மறந்துவிட்டாலும், சற்றுமுன் ஒலித்த சில வினாடிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக (சுற்றுச் சுற்றாக) தாளத்தை அடுக்கிக் கட்டுவதற்கு எம்பிசியின் பெரிய திரையே வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நினைவகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த முதல் எம்பிசி 60இல் அடிப்படை நினைவகத்தில் ஏறக்குறைய 13 வினாடி ஒலிதான் கொள்ளும், அதுவும் 12 பிட் தரத்தில். அந்த 13 வினாடியில் எதை வைப்பது எதை விடுவது என்று யோசித்துத்தான் அன்று வேலை செய்தார்கள். நீங்களும் ஆறு அடிகளுக்கு மேல் இப்போதைக்கு எதையும் ஏற்றாதீர்கள்.

பழைய திரைப்பாடல்களிலிருந்து துண்டுகள் வெட்டும் ஆசை பிறகு வரும், எல்லோருக்கும் வருகிறது. ஒரு பாடலில் இயற்றியவரின் உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு; வெளியிடுவதானால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வீட்டில் பழகுவது ஒரு புறம் இருக்கட்டும், இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் உங்கள் சொந்த மிருதங்கமே சிக்கலில்லாதது.

ஈசூன் மாலைநேரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பார்த்தேன், என்னுடையது இரண்டாம் பதிப்புதான். நான் தட்டிக்கொண்டிருந்ததும் உண்மையிலேயே பி வரிசை. இதற்காகவா மூன்று வாரம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை அறையின் காற்றாடியை நிறுத்தி, துணி அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, வியர்க்க வியர்க்க நாற்பது நிமிடம் பதிந்தேன். ஆறு அடிகளையும் வைத்து மிஸ்ர சாபுவில் இரண்டு ஆவர்த்தனம் கட்டிவிட்டேன். மியூட் குரூப்புகளைப் பிரித்தவுடன் தொம் மூச்சு விட்டது. ஆனால் ஒரு சந்தேகம்: திருத்தம் போட்டால் எல்லாம் நேராக நிற்கிறது, என் கை வாசித்ததைப் போல இல்லை, அதை அணைத்தாலோ தடுமாறுகிறது. இதற்கு நடுவழி உண்டா?

தொப்பியும் வலந்தலையும் எழுதியது:

உண்டு, ஐயா. திருத்தத்தின் வலிமையைச் சதவிகிதமாகக் குறைக்க முடியும். ஒவ்வோர் அடியையும் முழுவதுமாகக் கட்டத்துக்கு இழுக்காமல் பாதி வழி வரை மட்டும் நகர்த்தும். 50இல் தொடங்கிப் பாருங்கள். நான் செய்வது இன்னும் எளிது: தொப்பி அடிகளை முழுத் திருத்தத்துடன் முதலில் பதிந்துவிட்டு, பிறகு திருத்தத்தை அணைத்து, பதிந்தது அழியாமல் அதன்மேல் பதியும் ஓவர்டப்பில் வலந்தலையை வாசிப்பேன். தொம் நேராக நின்றால் நம் கொஞ்சம் பிந்தி விழுவது அழகாகவே இருக்கும். அமெரிக்க ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவும் திருத்தத்தை அணைத்துவிட்டுக் கையாலேயே தாளம் தட்டியதற்காகப் பேசப்பட்டவர்தான். அவருடைய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதைத் தொடும் முன்பும் அந்த இரண்டு ஆவர்த்தனத்தையும் வேறு பெயரில் ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். உறையோடு சேர்த்து.